திருமுழுக்கா, ஞானஸ்நானமா? கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் எங்கே பிரிகிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமுழுக்கும் ஞானஸ்நானமும் ஒன்றுதானா?

ஒன்றுதான். இன்றைய கத்தோலிக்க வழிபாட்டுத் தமிழில் திருமுழுக்கு, பழைய வேதாகமத் தமிழில் ஞானஸ்நானம். கத்தோலிக்க வீட்டுப் பெரியவர்கள் வாயிலும் ஞானஸ்நானம் என்றுதான் வரும். குருவானவர் 'தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே' என்பார்; போதகர் 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே' என்பார். சொல்வது ஒன்றையேதான். இங்கே இரண்டு சொற்களும் கலந்துதான் வரும். "பெயரிலேயே முழுக்கு இருக்கிறதே, அப்படியானால் முழுகத்தானே வேண்டும்" என்று சொல்லை வைத்து வாதாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: திருமுழுக்கு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் கத்தோலிக்கர்தான் பெரும்பாலும் தலையில் ஊற்றுகிறார்கள்.

கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டண்டுகள் எதிர்ப்பக்கம். அப்படித்தானே?

பலரும் அப்படி நினைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் கோடு அங்கே விழவில்லை. லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகள் எல்லாம் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. கொடுக்க மாட்டோம் என்பவர்கள் பாப்டிஸ்ட், மென்னோனைட், பெந்தெகொஸ்தே சபையார். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரையும் ஒரு பாப்டிஸ்ட் போதகரையும் ஓர் அறையில் உட்காரவைத்து ஞானஸ்நானம் பற்றிப் பேசச் சொன்னால், அரை மணி நேரத்தில் லூத்தர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போப்பின் பக்கம் போய்விடுவார். போப்பைத் திட்டிக்கொண்டேதான் போவார் என்பது வேறு கதை.

இதில் அடிப்படையான கேள்வி ஒன்றுதான்: அந்தத் தண்ணீரில் செயல்படுவது யார்? கடவுள் செயல்படுகிறார் என்றால் குழந்தைக்கும் கொடுக்கலாம். பெறுகிறவர் வெறுங்கையோடு வந்தால் போதும். மனிதன் தன் விசுவாசத்தை ஊரறியச் சொல்கிறான் என்றால், பேச்சு வராத குழந்தைக்குக் கொடுப்பதில் பொருளே இல்லை. கீழே வரும் சண்டைகளில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியிலிருந்து முளைத்தவை.

சரி, கத்தோலிக்கப் போதனைப்படி தண்ணீர் ஊற்றும்போது என்னதான் நடக்கிறது?

கடவுளின் அருளைத் தரும் சடங்குகளான ஏழு அருட்சாதனங்களில் இது முதலாவது. ஆதாமிடமிருந்து பிறப்போடு வரும் ஜென்மப் பாவம் நீங்குகிறது. வளர்ந்தவர் என்றால் அதுவரை செய்த பாவங்களும் அவற்றுக்குரிய தண்டனையும் சேர்ந்து நீங்குகின்றன. அவர் கடவுளின் பிள்ளையாக மறுபடி பிறக்கிறார், திருச்சபையில் உறுப்பாகிறார், ஆன்மாவில் அழியாத முத்திரை ஒன்று பதிகிறது. இந்த முத்திரைதான் 'ஒருமுறை மட்டுமே' என்பதற்குக் காரணம். விசுவாசத்தை விட்டுவிட்டு முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தவருக்கும் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம்தான். இரண்டாம் திருமுழுக்கு கிடையாது.

"பாவம் போய்விட்டது என்றால் அப்புறம் ஏன் பாவம் செய்கிறார்கள்?" நியாயமான கேள்வி. பாவம் போகிறது, பாவத்தின் மீதான நாட்டம் போவதில்லை என்பது பதில். 1546-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இதை வரையறுத்தது. லூத்தர் அந்த நாட்டத்தையே பாவம் என்றார், சங்கம் அப்படிச் சொல்ல மறுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முடியைப் பிளக்கும் வேலையாகத் தோன்றும். மீட்பு பற்றிய இருதரப்புப் போதனையும் பிரிகிற இடம் அதுதான்.

அருட்சாதனம் பலிப்பது அதைக் கொடுப்பவரின் யோக்கியதையால் அல்ல, செயலினாலேயே என்பது இன்னொரு அடிப்படை. குருவானவர் மோசமான ஆளாக இருந்தாலும் திருமுழுக்கு திருமுழுக்குத்தான். நான்காம் நூற்றாண்டில் தொடங்கி வட ஆப்பிரிக்காவைக் கலக்கிய தோனாத்துவாதிகள் இதை ஏற்கவில்லை. துன்புறுத்தலின்போது விசுவாசத்தைக் காட்டிக்கொடுத்தவர்களின் வழியில் வந்த திருமுழுக்கு செல்லாது என்றார்கள். அவர்களுக்கு எதிராக ஆயர் அகுஸ்தினார் வைத்த வாதத்தின் சாரம்: கொடுக்கும் கை எவருடையதாக இருந்தாலும் திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே.

லூத்தர் இதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டார் இல்லையா?

இல்லை. லூத்தர் 1483 நவம்பர் 10-இல் பிறந்தார், மறுநாளே ஞானஸ்நானம். அன்று புனித மார்ட்டின் திருநாள் என்பதால்தான் மார்ட்டின் என்ற பெயர். ரோமையோடு முழுவதுமாக முறித்துக்கொண்ட பிறகும் அந்த ஒருநாள் குழந்தை பெற்ற ஞானஸ்நானத்தை அவர் ஒருபோதும் சந்தேகிக்கவில்லை. சோதனை வந்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு அதுதான் என்று மற்றவர்களுக்கும் போதித்தார்.

1529-இல் எழுதிய சிறு ஞானோபதேசத்தில் கேள்வி பதிலாகவே சொல்கிறார்: வெறும் தண்ணீர் இவ்வளவு பெரிய காரியத்தை எப்படிச் செய்யும்? தண்ணீர் செய்வதில்லை; தண்ணீரோடு சேர்ந்திருக்கும் கடவுளின் வார்த்தையும், அந்த வார்த்தையைப் பற்றிக்கொள்ளும் விசுவாசமும் செய்கின்றன. பாவமன்னிப்பு, மறுபிறப்பு, நித்திய வாழ்வு மூன்றும் இதில் கிடைக்கின்றன என்பதில் அவருக்குத் தயக்கமில்லை. அடுத்த ஆண்டு வந்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 9-ஆம் பிரிவும் ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியம், குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ரோமையோடு அவருக்கிருந்த சண்டை 'விசுவாசம்' என்கிற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சடங்கு தன்னாலேயே பலிக்கும் என்பதை அவர் ஏற்கவில்லை, வாக்குறுதியை நம்பிப் பிடிப்பவருக்கே பலன் என்றார். அப்படியானால் குழந்தை எப்படி நம்பும்? கடவுள் அதற்கும் விசுவாசத்தைக் கொடுக்க முடியும் என்று பதில் சொன்னார். இந்தப் பதிலில் பாப்டிஸ்டுகள் மட்டுமல்ல, சீர்திருத்தக்காரர்களிலேயே பலரும் திருப்தியடையவில்லை.

பிரஸ்பிட்டேரியன் போன்ற, சீர்திருத்தக்காரர் கால்வின் வழி சபைகள்?

அவர்களுடைய சொல் 'உடன்படிக்கை'. ஆபிரகாமின் பிள்ளைகளுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் எப்படியோ, விசுவாசிகளின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் அப்படி. கொலோசெயர் 2:11-12 இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்வது அவர்களுக்குப் பெரிய ஆதாரம். குழந்தை ஏற்கெனவே வாக்குத்தத்தத்துக்குள் இருக்கிறது; ஞானஸ்நானம் அதற்கு அடையாளமும் முத்திரையும். இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு: சாகக் கிடக்கும் குழந்தைக்கு மருத்துவச்சி அவசரமாகத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைக் கால்வின் கடுமையாக எதிர்த்தார். வாக்குத்தத்தம் அந்தக் குழந்தையை ஏற்கெனவே தாங்குகிறது, பதறுவது அவிசுவாசம் என்பது அவர் எண்ணம். கத்தோலிக்கத் தாய் ஒருத்திக்கு இதைச் சொன்னால் திகைத்துப்போவாள்.

1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தது: ஞானஸ்நானத்தின் பலன் அது கொடுக்கப்படும் அந்த நேரத்தோடு கட்டப்பட்டதில்லை. இன்று ஊற்றிய தண்ணீருக்குரிய கிருபை இருபது வருடம் கழித்தும் வரலாம்.

ஆங்கிலிக்கன் சபை இதில் நடுவே நின்று தடுமாறியது. 1847-இல் எக்ஸிட்டர் ஆயர், கோரம் என்கிற குருவைப் புதிய பங்குக்கு நியமிக்க மறுத்தார். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு குழந்தையும் அந்தக் கணமே மறுபடி பிறக்கிறது என்பதை கோரம் ஏற்காததுதான் காரணம். வழக்கு அரசியின் ஆலோசனை மன்றம் வரை போய், 1850-இல் கோரமுக்குச் சாதகமாக முடிந்தது. சபையின் போதனையை அரசு மன்றம் தீர்மானிப்பதா என்று வெறுத்துப்போய் ஆங்கிலிக்கன் குரு ஹென்றி மேனிங் அடுத்த ஆண்டே கத்தோலிக்கரானார், பிற்பாடு கர்தினாலும் ஆனார்.

பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே நிலைப்பாடு?

முதலில் விசுவாசம், அப்புறம் தண்ணீர். மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்டவர், கீழ்ப்படிதலின் அடையாளமாகவும் சபைக்கு முன் சாட்சியாகவும் ஞானஸ்நானம் எடுக்கிறார். 'கொடுத்தார்கள்' என்பதைவிட 'எடுத்தேன்' என்றுதான் அவர்கள் பேச்சில் வரும். தமிழில் அந்த வினைச்சொல்லே பாதி இறையியலைச் சொல்லிவிடுகிறது. தண்ணீர் இரட்சிக்காது; இரட்சிக்கப்பட்டவன்தான் தண்ணீருக்குள் இறங்குகிறான். குழந்தை பிறந்தால் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் இதோடு 'ஆவியின் அபிஷேகம்' தனி அனுபவமாகப் போதிக்கப்படுகிறது.

இரண்டு சடங்குகளும் பார்க்க எப்படி இருக்கும்?

கத்தோலிக்கக் கோயிலில் வாசலிலேயே ஆரம்பம். "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?" "திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?" "திருமுழுக்கு." குருவும் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைகிறார்கள். நெஞ்சில் எண்ணெய். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்ற கேள்விக்குக் குழந்தை சார்பாகப் பெரியவர்கள் பதில் சொல்கிறார்கள். மூன்று முறை தலையில் தண்ணீர். இரண்டாவது முறையில் அநேகமாக வீறிடும். உச்சியில் கிறிஸ்மா எண்ணெய், வெள்ளை உடை, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய ஒரு மெழுகுதிரி. அந்தத் திரியைப் பிடிக்கும் ஞானத்தகப்பன் குழந்தையின் உடையில் மெழுகு சொட்டாமல் பார்த்துக்கொள்வதிலேயே குறியாக இருப்பார்.

முழுக்கு ஞானஸ்நானத்தில் போதகர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். எடுப்பவர் வெள்ளை அங்கியோடு இறங்கி, எப்படி மனந்திரும்பினேன் என்று இரண்டு வார்த்தை சாட்சி சொல்கிறார். குரல் பெரும்பாலும் நடுங்கும். போதகரின் ஒரு கை முதுகில், இன்னொரு கை அவர் மூக்கைப் பொத்தியிருக்கும் கையின் மேல். பின்பக்கமாகச் சாய்த்து முழுவதும் முக்கி எடுக்கிறார். முகத்தைத் தண்ணீர் மூடும் அந்த ஒரு நொடியில் ரோமர் 6:4 கண்முன் வந்துவிடுகிறது: கிறிஸ்துவோடு அடக்கம், கிறிஸ்துவோடு எழுதல். படமாகப் பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. தலையில் ஊற்றும் சபைகளில் இருப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ளலாம்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக வேதத்தில் எங்கே இருக்கிறது?

நேரடியாக எங்கேயும் இல்லை. கொடுக்கக்கூடாது என்றும் எங்கேயும் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

கொடுப்பவர்கள் காட்டுவது: லீதியாள் தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றாள், பிலிப்பி சிறைக்காவலன் தன்னவர் அனைவரோடும் பெற்றான் (அப்போஸ்தலர் 16), ஸ்தேவானுடைய வீட்டாருக்குப் பவுல் கொடுத்தார் (1 கொரிந்தியர் 1:16). அத்தனை வீட்டிலும் ஒரு குழந்தைகூடவா இல்லை? பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, வாக்குத்தத்தம் "உங்களுக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும்" என்றார் (அப்போஸ்தலர் 2:39). "ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால்" என்ற யோவான் 3:5-இல் வயது விலக்கு எதுவும் இல்லை.

கொடுக்காதவர்களின் பதில்: சிறைக்காவலன் வீட்டார் எல்லோரும் வசனத்தைக் கேட்டார்கள், சந்தோஷப்பட்டார்கள் என்று அதே பகுதி சொல்கிறது. கிறிஸ்பு "தன் வீட்டார் அனைவரோடும்" விசுவாசித்தான் என்று 18:8 சொல்கிறது. கைக்குழந்தை கேட்டு விசுவாசிக்குமா? மாற்கு 16:16-இல் வரிசையைப் பாருங்கள்: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்." எத்தியோப்பிய மந்திரி "இதோ, தண்ணீர் இருக்கிறதே" என்று கேட்டது பிலிப்பு நற்செய்தி சொன்ன பிறகுதான்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டார் வசனங்கள் இரண்டு பக்கத்துக்கும் வெற்றி தருவதில்லை. வலுவான வாதங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. கொடுப்பவர்களுக்கு உடன்படிக்கை வாதம். கொடுக்காதவர்களுக்கு, புதிய ஏற்பாட்டில் விவரமாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு ஞானஸ்நானமும் வளர்ந்த ஆளுடையது என்கிற எளிய உண்மை. 'வெறும் அடையாளம்தான்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறவர்கள் 1 பேதுரு 3:21-ஐ ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். ஞானஸ்நானம் "இரட்சிக்கிறது" என்ற வினைச்சொல்லே அங்கே இருக்கிறது.

ஆதிச் சபை என்ன செய்தது?

இரண்டும் நடந்தது. 200-ஆம் ஆண்டை ஒட்டி கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதிய நூலில், சிறு பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம், வளரட்டும் என்கிறார். கொடுக்காதவர்கள் இதை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அந்த வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது! ஓரிஜன் அதை அப்போஸ்தலரிடமிருந்து வந்த மரபு என்கிறார். 250-களில் கார்த்தேஜில் அந்நகர ஆயர் சிப்பிரியானும் 66 ஆயர்களும் கூடி, எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள்.

நான்காம் நூற்றாண்டில் காற்று மறுபக்கம் அடித்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்யும் பாவத்துக்குப் பயந்து பலர் தள்ளிப்போட்டார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-இல் சாகும் தறுவாயில்தான் பெற்றார். நாசியான்சு கிரகோரியின் தகப்பனார் ஆயர். மகனோ வளர்ந்த பிறகே பெற்றார். மோனிக்காவின் மகன் அகுஸ்தினார் 387 பாஸ்கா இரவில் மிலானில் அம்புரோசியாரின் கையால் பெற்றபோது வயது 32. பிற்காலத்தில் ஜென்மப் பாவப் போதனையை வைத்துக் குழந்தைத் திருமுழுக்கை நிலைநிறுத்தியவர் இதே அகுஸ்தினார்தான்.

மறுபடி ஞானஸ்நானம் எடுத்ததற்காக ஆட்களைக் கொன்றது உண்மையா?

உண்மை. 1525 ஜனவரி 21 இரவு, சூரிக் நகரில் ஃபீலிக்ஸ் மான்ஸ் வீட்டில் ஒரு சிறு கூட்டம். கான்ராட் கிரேபெல், ஜார்ஜ் பிளௌராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிறகு பிளௌராக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். எல்லோரும் குழந்தையில் பெற்றவர்கள்தான்; அது ஞானஸ்நானமே இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அன்று முக்கவில்லை, தலையில் ஊற்றினார்கள் என்பதை முழுக்கு வாதக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. இரண்டு வருடத்துக்குள், 1527 ஜனவரி 5-இல், மான்ஸின் கைகால்களைக் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தார்கள். செய்தது கத்தோலிக்க நகரமில்லை; சீர்திருத்தக்காரர் சுவிங்லியின் வழியில் போன புராட்டஸ்டண்ட் சூரிக்.

1529-இல் ஸ்பையர் பேரரசு மன்றம் மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை என்று சட்டமே போட்டது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத கத்தோலிக்க, லூத்தரன் இளவரசர்கள் இதில் ஒத்துப்போனார்கள். அன்றைய ஐரோப்பாவில் ஞானஸ்நானப் பதிவு என்பது குடியுரிமை மாதிரி. குழந்தையின் ஞானஸ்நானத்தை மறுப்பது அரசும் சபையும் ஒன்று என்கிற ஏற்பாட்டையே மறுப்பதாகப் பார்க்கப்பட்டது. 2010-இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, இந்தத் துன்புறுத்தலுக்காக மென்னோனைட்டுகளிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

தெளிப்பதா, ஊற்றுவதா, முழுக்குவதா?

கத்தோலிக்கச் சட்டத்தில் முழுக்கலாம், ஊற்றலாம். லூத்தரன், பிரஸ்பிட்டேரியன் சபைகளுக்கு அளவு முக்கியமில்லை. பாப்டிஸ்டுகளுக்கு முழுக்கே வேண்டும். ஆனால் அந்த மரபின் முன்னோடியான ஜான் ஸ்மித் 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் தனக்குத்தானே ஊற்றிக்கொண்டார். முழுக்கு 1640-களில்தான் அவர்களிடம் உறுதியான விதியானது. 'திதாக்கே' என்ற மிகப் பழைய கையேடு ஓடும் தண்ணீரை முதலில் சொல்லி, இல்லையென்றால் வேறு தண்ணீர், அதுவும் போதவில்லை என்றால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பதில் அதுதான்.

யார் கொடுக்கலாம்?

வழக்கமாக ஆயர், குரு, திருத்தொண்டர். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிறது கத்தோலிக்கப் போதனை. செவிலியர், பக்கத்துப் படுக்கைக்காரர், ஏன், கிறிஸ்தவரே அல்லாதவரும்கூட. தண்ணீர் வேண்டும், சரியான வார்த்தை வேண்டும், திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் வேண்டும். அவ்வளவுதான்.

இந்தத் தாராளத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. போலோஞாவில் எத்கார்தோ மொர்த்தாரா என்ற யூதக் குழந்தை நோயுற்றபோது வேலைக்காரப் பெண் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். விஷயம் வெளியே வந்ததும், 1858-இல் போப்பின் காவலர்கள் ஆறு வயதுப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து எடுத்துச் சென்றார்கள். திருமுழுக்குப் பெற்றவன் கிறிஸ்தவனாகத்தான் வளர வேண்டும் என்று ஒன்பதாம் பத்திநாதர் கடைசிவரை திருப்பித் தரவில்லை. சடங்கு தன்னாலேயே பலிக்கும் என்ற கொள்கையை அரச அதிகாரத்தோடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

வார்த்தை ஒன்று மாறினால் செல்லாமல் போகுமா?

ரோமையைப் பொறுத்தவரை, போகும். ஆள் விஷயத்தில் இருக்கும் தாராளம் வார்த்தை விஷயத்தில் கிடையாது. 2008-இல் 'படைத்தவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர் பெயரால்' என்ற புது வாசகம் செல்லாது என்று வத்திக்கான் அறிவித்தது. 2020 ஆகஸ்டில் 'நான் உனக்கு' என்பதற்குப் பதில் 'நாங்கள் உனக்கு' என்று சொல்வதும் செல்லாது என்றது. அமெரிக்காவில் ஒரு குருவானவர் தன் குழந்தைப்பருவத் திருமுழுக்கு வீடியோவைப் போட்டுப் பார்த்தார். திருத்தொண்டர் 'நாங்கள்' என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. திருமுழுக்கு இல்லையென்றால் உறுதிபூசுதலும் இல்லை, குருப்பட்டமும் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற்றார். அவர் வைத்த திருப்பலிகள், கொடுத்த பாவமன்னிப்புகள் பற்றிய கேள்வி அப்புறம் தனியாக ஓடியது.

திரித்துவத்தை ஏற்காமல் இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் ஒருமைக்கொள்கைப் பெந்தெகொஸ்தே ஞானஸ்நானத்தையும் இதனால் ரோமை ஏற்பதில்லை. மார்மன் சபையார் மூவொரு பெயரைச் சொன்னாலும் கடவுள் பற்றிய அவர்கள் புரிதலே வேறு என்று 2001-இல் மறுத்துவிட்டது.

லூத்தரன் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தால் மறுபடி பெற வேண்டுமா?

வேண்டாம். தண்ணீரும் மூவொரு பெயரும் இருந்தால் போதும். இது இன்றைய நல்லிணக்கக் காலத்துச் சலுகை என்று நினைக்கிறார்கள். ஆனால் 256-வாக்கிலேயே போப் ஸ்தேவான், சபையைப் பிரிந்தவர்கள் கொடுத்த ஞானஸ்நானமும் செல்லும் என்று சிப்பிரியானோடு சண்டை போட்டார். 1547-இல் புராட்டஸ்டண்டுகளுக்கு எதிராகவே கூடிய திரெந்து சங்கமும், முறைப்படி கொடுத்திருந்தால் அவர்கள் கொடுத்த திருமுழுக்கும் உண்மையானதே என்றது. ஞானஸ்நானம் நடந்ததா என்றே பலமான சந்தேகம் இருந்தால் மட்டும், 'நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். மறுதிசையில் எப்போதும் இப்படி இல்லை. 1845-இல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் பொதுச்சபை ஒன்று கத்தோலிக்க ஞானஸ்நானம் செல்லாது என்று தீர்மானம் போட்டது. அவர்களுடைய இறையியலாளர் சார்லஸ் ஹாட்ஜே அதை எதிர்த்து எழுதினார். 2007-இல் ஜெர்மனியின் மக்டேபுர்க்கில் கத்தோலிக்கர் உட்பட 11 சபைகள் ஒருவர் ஞானஸ்நானத்தை ஒருவர் ஏற்பதாகக் கையெழுத்திட்டன. பாப்டிஸ்டுகள் கையெழுத்திடவில்லை, இடவும் முடியாது.

கத்தோலிக்கர் ஒருவர் பாப்டிஸ்ட் சபைக்குப் போனால்?

பெரும்பாலும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தார் இதை 'மறுஞானஸ்நானம்' என்று அழுவார்கள். பாப்டிஸ்டுகள் அந்தச் சொல்லையே ஏற்க மாட்டார்கள். அவர்கள் கணக்கில் இதுதான் முதலாவது. இரண்டு தரப்பும் எபேசியர் 4:5-ஐ, "ஒரே ஞானஸ்நானமும்" என்ற வசனத்தை, ஒருவரையொருவர் நோக்கி வீசுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்தால் நரகமா?

எந்தப் பெரிய சபையும் இன்று இதற்கு நேரடியாக ஆம் என்று சொல்வதில்லை. சிலுவையில் தொங்கிய கள்வன் பெறவில்லை. அன்றே பரதீசு கிடைத்தது. கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் அருட்சாதனங்களால் கட்டுண்டவர் அல்லர் என்கிறது. விசுவாசத்துக்காக உயிர்விட்டவருக்கு இரத்தத் திருமுழுக்கு, பெற ஆசைப்பட்டு அதற்குள் இறந்தவருக்கு ஆசைத் திருமுழுக்கு. குழந்தைகளுக்கு, மோட்சமும் இல்லாத, வேதனையும் இல்லாத 'லிம்போ' என்ற நிலை பற்றி இறையியலாளர்கள் பல நூற்றாண்டு பேசினார்கள். அது ஒருபோதும் கட்டாயக் கோட்பாடாகவில்லை. 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அந்தக் குழந்தைகளுக்கு மீட்பு உண்டு என்று நம்பிக்கை கொள்ளத் தக்க காரணங்கள் இருக்கின்றன என்றது. பாப்டிஸ்டுகளுக்கு இந்தச் சிக்கலே பெரிதாக இல்லை. தண்ணீரில் மீட்பைக் கட்டாதவர்களுக்குக் கவலைப்பட என்ன இருக்கிறது?

ஞானப்பெற்றோராகப் புராட்டஸ்டண்ட் நண்பர் நிற்கலாமா?

கத்தோலிக்க ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ ஒருவராவது இருந்தால், அவரோடு 'சாட்சி'யாக நிற்கலாம். ஞானஸ்நானம் பெற்றவராக இருக்க வேண்டும்.

தண்ணீர் ஞானஸ்நானமே இல்லாத சபை உண்டா?

உண்டு. குவேக்கர்கள், இரட்சணிய சேனை.

ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் பாப்டிஸ்ட். பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன செய்வது?

இதற்கு இருதரப்பையும் திருப்திப்படுத்தும் வழி கிடையாது, இருப்பதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். கலப்புத் திருமணத்துக்கு அனுமதி கேட்கும்போது, பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் துணை வாக்குக் கொடுக்கிறார். 1970-க்கு முன்பு மற்றவரும் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அவருக்குத் தெரிவித்தால் போதும். பாப்டிஸ்ட் துணைக்கோ, அந்தக் குழந்தை ஒருநாள் தானாக எடுக்க வேண்டிய முடிவைப் பறிப்பதாகத் தோன்றும். காத்திருப்போம் என்பதும் நடுநிலை இல்லை. அது பாப்டிஸ்ட் நிலைப்பாடுதான். கல்யாணத்துக்கு முன்பே, மாமனார் மாமியார் இல்லாத ஓர் அறையில், இருவரும் பேசி முடிவெடுப்பதே நல்லது. தொட்டில் போட்ட பிறகு பேச ஆரம்பித்த வீடுகளில் சத்தம் அதிகம்.

திருமுழுக்குச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

சான்றிதழ் வெறும் நகல்தான், மூலம் பங்குப் பதிவேட்டில் இருக்கிறது. பெற்ற கோயிலுக்கு எழுதினால் எடுத்துத் தருவார்கள். உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கல்யாண நேரத்தில் ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதி பல இடங்களில் கேட்கப்படுவது அதற்காகத்தான். பதிவேடே அழிந்துபோயிருந்தால், யாருக்கும் பாதகம் வராத நிலையில், நம்பகமான ஒரே ஒரு சாட்சியின் வாக்கு போதும் என்கிறது திருச்சபைச் சட்டம். வளர்ந்த பிறகு பெற்றவர் என்றால் அவருடைய சொந்தச் சத்தியமே போதும். அன்று தூக்கிப் பிடித்திருந்த ஞானத்தாய் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். அநேகமாகத் தேதியோடு, குழந்தை எவ்வளவு அழுதது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.